அந்த வரிக்கு அப்புறம் "பால்!" வரணுமே: உங்களுக்கும் இப்படி உண்டா?

பரண்வாசி கேட்டது:

நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைப் பெட்டியை இறக்கலாம் என்று பரணில் ஏறினேன். பொம்மைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. உள்ளே என் கேசட்டுகள், எண்ணிப் பார்த்தால் 63. கடையில் வாங்கியவை பத்துப் பதினைந்துதான் இருக்கும். மீதியெல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்தவை, அல்லது வீட்டிலேயே டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) டிவி முன்னால் வைத்துப் பிடித்தவை.

இரண்டாவது வகைக்குத்தான் இந்தப் பீடிகை. 1986, மேற்கு மாம்பலம், வெள்ளிக்கிழமை ராத்திரி, தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ஒலியும் ஒளியும். அப்பா ஃபேனை நிறுத்திவிடுவார். தம்பிக்கு இருமல் வந்தால் வாசலுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். நான் ப்ளே, ரெக்கார்டு இரண்டு பட்டன்களிலும் விரலை வைத்துக்கொண்டு பாட்டுக்காகக் காத்திருப்பேன். இவ்வளவு ஏற்பாட்டையும் மீறி, ஓர் இளையராஜா பாட்டில் முதல் சரணம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து ஒரு குரல்: "பால்! பால்!" அப்படியே பதிந்துவிட்டது. வேறு பிரதி கிடையாது. அடுத்த ஏழெட்டு வருடம் அந்தப் பாட்டை அப்படித்தான் கேட்டோம்.

இப்போது அதே பாட்டு போனில் பளிங்கு மாதிரி கேட்கிறது. ஆனால் அந்த வரி வந்ததும் காது காத்திருக்கிறது, பால் வருவதில்லை. போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் இன்னிசைக் குழு அதைப் பாடியபோது, சரியாக அந்த இடத்தில் நான் சமையல் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், "பந்தி இன்னும் ஆரம்பிக்கல சார்" என்றார்.

இன்னொன்று: ஒரு பாட்டு முடிந்ததும், கேசட்டில் அதற்கு அடுத்து இருந்த பாட்டு மனசுக்குள் தானாகத் தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் படமும் வேறு, ராகமும் வேறு.

கேள்விகள் இரண்டு. ஒன்று, இந்த வியாதி எனக்கு மட்டும்தானா? இரண்டு, இந்தக் கேசட்டுகளை இனிமேல் ஓட்ட முடியுமா? பரண் இடம் பொம்மைகளுக்கு வேண்டும் என்று வீட்டில் கெடு கொடுத்திருக்கிறார்கள்.

—

பெல்ட்டுமாமா:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பரணிலிருந்து இறக்கிய கையோடு பிளேயரில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. சென்னைக் காற்றுக்கு அது சகஜம். அதை ஓட்டினால், பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். தனியாக எடுத்து வையுங்கள்.

அடுத்து, கேசட்டின் வாயில் செம்புத் தகடு மேல் ஒரு குட்டிப் பஞ்சுத் துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

பிளேயரில் பெரும்பாலும் பெல்ட் போயிருக்கும். பழைய ரப்பர் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். ரிச்சி தெருவில் பழைய பெல்ட்டைக் காட்டி அதே அளவில் கேட்டுப் பாருங்கள். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை ஒரு தடவை முழுக்க ஃபார்வர்டு, ஒரு தடவை ரிவைண்டு செய்து, ஒட்டிக்கிடக்கும் நாடா இளகிய பிறகே ப்ளே. அப்புறம் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்று இலவச மென்பொருள், வேலை முடிந்தது. அவசரப்பட மட்டும் முடியாது. அரை மணி நேரப் பக்கம் என்றால் அரை மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

முதல் கேள்விக்கு: எனக்குப் பால் இல்லை, ஆவி. சில கேசட்டுகளில் பாட்டு தொடங்கும் முன்பே அதன் முதல் வரி மெலிசாகக் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றுக்கும் கொஞ்சம் ஏறிவிடும். 60 நிமிட நாடாவை விட 90 நிமிட நாடா மெலிசு, அதில் இது இன்னும் கூடுதல். சின்ன வயதில் பாடகர் ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

—

சைடு பி:

ஐயா, நான் கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் ஐந்து வருடம் வேலை பார்த்தவன். (சட்டப்படி அது தப்புதான், இப்போது தெரியும்.) உங்கள் கேசட்டில் ஏ பக்கம் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்திருந்தால் அந்தப் பாவம் எங்களைச் சேராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிடம் என்றால் ஆறு பாட்டுக்கு 27. மீதி மூன்று. "ஏழாவது பாட்டையும் எப்படியாவது போட்டுடுங்க தம்பி" என்பார்கள். போட்டோம். எப்படியும் அறும்.

பட்டியலைக் கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் எழுதி வருவார்கள், மளிகைச் சீட்டில் எழுதி வருவார்கள். ஒருத்தர் கொடுத்தது: முதல் பாட்டு பிள்ளையார், மீதி பதினொன்றும் காதல் தோல்வி. ஒன்றும் கேட்காமல் பதிந்து கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அதே கேசட்டைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு டூயட்டாகப் போடச் சொன்னார். முதுகுப் பக்கத்துப் பிளாஸ்டிக் காதை அவரே உடைத்து வைத்திருந்தார், யாரும் அழித்துவிடக் கூடாதாம். செலோடேப் ஒட்டித்தான் பதிந்தேன். பிள்ளையாரை மட்டும் விட்டுவைத்தோம்.

—

நெல்லியடியான்:

எங்கள் வீட்டுக் கசெற்றுகளில் பாட்டு அறாது, இழுபடும். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து கசெற் றேடியோவுக்குக் கொடுப்போம். செய்திக்கு அண்ணன் சுற்றுவார், பாட்டுக்கு நான். கை களைத்தால் பாடகருக்கும் களைப்பு வந்துவிடும். பல்லவியில் இளைஞனாகத் தொடங்கியவர் சரணத்தில் கிழவனாகிவிடுவார். அம்மா உள்ளேயிருந்து, "தம்பி, அந்தாள் சாகப்போறார், கெதியாச் சுத்து" என்பா.

இப்போது ரொறன்ரோவில் அதே பாட்டுகள் ஒரே வேகத்தில் போகின்றன. எனக்கென்னவோ எல்லாமே கொஞ்சம் அவசரமாகப் பாடுகிற மாதிரி இருக்கிறது. பரண்வாசி அண்ணா, உங்கள் வியாதி தொற்று வியாதி.

—

பரண்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பெல்ட்டுமாமா சொன்னபடி ஸ்பிரிட், பெல்ட், ஃபார்வர்டு, ரிவைண்டு எல்லாம் ஆயிற்று. 63-இல் ஒன்பதில் பூஞ்சை, அவை தனிப் பையில். பால் கேசட் தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்தது. "பால்! பால்!" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "இது என் குரலே இல்ல, எதிர் போர்ஷன் மாமி" என்றார். "நம்ம வீட்டுல பால் சாயங்காலமே காய்ச்சி வச்சாச்சு. வெள்ளிக்கிழமை நானும் உங்களோட உக்காந்து டிவிதானே பார்த்தேன்?"

மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டோம். தம்பிக்கு போன் போட்டு அவனுக்கும் போட்டுக் காட்டினோம். அவன் மாமி கட்சி. என் மனைவி அம்மா கட்சி, அதாவது அது அம்மாதான் என்கிற கட்சி. இது வீட்டில் வேறு மாதிரியான பிரச்சினையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பரணில் பொம்மைப் பெட்டிக்கு இடம் கொடுத்தாயிற்று. கேசட்டுகள் இப்போது என் கட்டிலுக்கடியில். சைடு பி சாருக்கு ஒரு சந்தேகம்: ஏழாவது பாட்டு அறுந்துபோன ஒன்று என்னிடமும் இருக்கிறது. நீலப் பேனா, கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து, "காதல்" என்பதில் துணைக்கால் விட்டுப்போய் "கதல்" என்று இருக்கிறது. நீங்கள் இல்லையே?

—

சைடு பி:

நான் பச்சை ஸ்கெட்ச் பேனா. ஆனால் துணைக்கால் விஷயத்தில் உறுதி சொல்ல முடியாது.