எந்தக் கண்ணுக்கு வெள்ளை?

அம்மாபேட்டை தறிக்காரர்:

சேலம் வெண்பட்டு நெய்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அந்த வேட்டியின் பெருமை முழுவதும் அதன் வெள்ளையில்தான் இருக்கிறது. போன கார்த்திகையில் நான் நெய்த முகூர்த்த வேட்டி ஒன்று முதலாளியிடமிருந்து திரும்பி வந்தது. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஊடை, அதாவது குறுக்கு நூல், பழுப்பாக இருக்கிறது என்றார்கள். வாசலில் நல்ல வெயிலில் விரித்துப் பார்த்தேன். எனக்கு முழு வேட்டியும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. சிட்டத்திலிருந்து, அதாவது நூல் கட்டிலிருந்து, ஊடைக்குத் தார் சுற்றிய மருமகள் தயங்கிக்கொண்டே, "மாமா, அந்தச் சிட்டம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னேனே" என்றாள். 42 ஆண்டுகளாகத் தறிக்குழியில் உட்காருகிறவனுக்கு வெள்ளை எது என்று நீ சொல்லித் தர வேண்டுமா என்று, பாவு (நீள நூல்) விஷயமாக வந்திருந்த நான்கு பேருக்கு முன்னால் அவளைக் கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் பேசாமல் ராட்டைக்குத் திரும்பிவிட்டாள்.

தை மாதம் வலது கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. கண்கட்டைப் பிரித்த மறுநாள், பெட்டியில் கிடந்த அந்த வேட்டியை எடுத்து விரித்தேன். வலது கண்ணால் பார்த்தால் பழுப்புப் பட்டை கரை போட்டதுபோல் தெளிவாக நிற்கிறது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் பட்டையைக் காணவில்லை. பத்து முறையாவது மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்திருப்பேன். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சள் படிந்து நீல ஒளியைத் தடுக்கிறது என்றும், அது ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பதால் மூளை பழகிக்கொண்டு கிடைப்பதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது என்றும் மருத்துவர் விளக்கினார். வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும், கருநீலத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடுதான் முதலில் கைவிட்டுப் போகுமாம். தறிக்காரனுக்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

மருமகளைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி அம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு சிட்டத்தையும் கொண்டு வந்து, "மாமா, இது எந்தக் கண்ணுக்கு வெள்ளை?" என்று கேட்கிறாள், நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பதில் சொல்ல, வீடே சிரிக்கிறது. ஆனால் அந்த நான்கு பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை அவர்களுக்கு முன்னால் நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

எனக்கு நேர்ந்தது ஏற்காட்டில். கோடை விழாக் கூட்டம் குறைந்த பிறகு பேத்தியோடு போயிருந்தேன். அந்தி சாய்ந்த பின் லேடீஸ் சீட் என்ற மலைமுனையிலிருந்து கீழே சேலம் எப்படித் தெரியும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அன்று ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம், அதைச் சுற்றி ஊசி ஊசியாகக் கதிர்கள்; செவ்வந்திப் பூவைக் கூடை கூடையாகக் கொட்டிப் பரப்பியதுபோல் நகரம் கிடந்தது. "எவ்வளவு அழகான விளக்குகள் போட்டிருக்கிறார்கள், பார்" என்றேன். "எல்லாம் வெறும் புள்ளிதானே அம்மாயி" என்றாள். நான் காண்பதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் தன் வரைபுத்தகத்தில் அப்படியே வரைந்துகொண்டாள். தனக்கு அது தெரியவில்லையே என்று குழந்தைக்கு உண்மையிலேயே வருத்தம். அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்துவிட்டது. புரை நன்றாக முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பதால், இன்னும் ஓராண்டு பொறுத்திருக்கலாம் என்று இருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:

ஆசிரியை அம்மா சொன்ன கடைசிச் செய்தியோடு நான் உடன்படவில்லை. முற்றட்டும் என்று காத்திருந்தது நம் தாத்தா காலத்து வழக்கம், அதற்கு அன்று காரணமும் இருந்தது. அப்போது லென்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டு வெறுங்கண்ணாக விட்டுவிடுவார்கள். அதை ஈடுகட்டத்தான் அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி. அப்படி ஒரு பார்வைக்கு மாறுவதைவிட, இருக்கிற பார்வை முழுவதும் போகும்வரை பொறுப்பதே மேல் என்று நினைத்தார்கள். 1949-ஆம் ஆண்டு லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதலாகப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்து விழுந்த அக்ரிலிக் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்ததிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் வந்தது. வெகுகாலம் அந்த லென்ஸ் நம்மவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் எளியவர்களுக்கும் கிடைத்தது. இன்றைய முறையில் சிறு துளை வழியாகப் புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். புரை முற்றி இறுகினால் உடைப்பது கடினம், கண்ணுக்கும் கூடுதல் சிரமம். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகிவிட்டால் அதுவே எடுக்க வேண்டிய நேரம்.

இன்னொன்று. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் எல்லாம் புரைதான் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. வளையத்தோடு கண்வலியும் சிவப்பும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு வந்தது கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) வலியில்லாத வகை. கொலுசு வளையத்தைப் பற்றவைப்பதில் ஓர் இடம்கூடத் தவறியதில்லை, ஆனால் சந்தில் நடக்கும்போது இடப்பக்கம் நிறுத்தியிருக்கும் வண்டிகளில் மட்டும் இடித்துக்கொண்டேயிருந்தேன். பரிசோதனையில் ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் வெகுநேரம் புள்ளியே வரவில்லை. கருவி நின்றுவிட்டதா என்று கேட்டேன். "ஓடிக்கொண்டுதான் இருக்கிறது ஐயா, இப்போதும் புள்ளிகள் வந்துகொண்டிருக்கின்றன" என்றாள் அந்தப் பெண். அந்தக் குரலை மறக்க முடியவில்லை. இந்த நோயில் போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காக்கத்தான் சொட்டு மருந்து. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். கண்ணுக்குள் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருப்பது வழக்கமான அளவு என்பார்கள், அதற்குள் இருந்தே பார்வை நரம்பு கெட்டவர்களும் உண்டு. உடன்பிறந்தவர்களுக்கும் வரக்கூடிய நோய் என்பதால் என் தம்பி, தங்கை இருவரையும் நானே அழைத்துப் போய்ப் பார்க்கச் செய்தேன். இங்கே படிப்பவர்களும் 40 வயதைத் தாண்டியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு மகள்:

அண்ணா சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அறுவையாலும் சொட்டு மருந்தாலும் மீட்க முடியாத கண்ணும் உண்டு. என் அம்மாவுக்கு 84 வயது. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்துவிட்டது. ஓரப் பார்வையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவார்.

காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு காலை, சில்வர் ஓக் மரங்களே தெரியாத பனிமூட்டம். திண்ணையில் இருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மிக மெல்லிய குரலில், "முற்றத்தில் நீலப் பாவாடை கட்டிய சிறுமிகள் நிற்கிறார்களே, உனக்கும் தெரிகிறார்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த அச்சத்தைப் பார்த்து, "தெரிகிறார்கள் அம்மா" என்று சொல்லிவிட்டேன். "எத்தனை பேர்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா கையை விட்டுவிட்டார்.

ஐந்து மாதங்களாக அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். புத்தி பேதலித்துவிட்டது என்பார்களே என்று மறைத்திருக்கிறார். மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்றார்கள் உறவினர்கள். கண் மருத்துவர்தான் இதற்குச் சார்ல் போனே கூட்டறிகுறி என்று பெயர் சொன்னார். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞரான அந்தச் சார்ல் போனே, பார்வை மங்கிய தம் தாத்தாவுக்கு இப்படி உருவங்கள் தெரிந்ததை 1760-இல் எழுதி வைத்தார். கண்ணிலிருந்து படம் வராதபோது மூளை தானே படம் வரைந்துகொள்கிறது. அந்த உருவங்களுக்குக் குரல் இருக்காது, இது மனநோயும் அன்று. விளக்கைப் போட்டாலோ கண்ணை இடமும் வலமும் அசைத்தாலோ பலருக்கு மறையும்.

அதைக் கேட்டுக்கொண்டு வந்த அம்மா மறுநாள் தாமாகவே சொல்லத் தொடங்கினார். "இன்றைக்கு ஏழு பேர். நேற்று வந்த உயரமான பெண்ணைக் காணோம்." விளக்கைப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார். "காபி கேட்க மாட்டார்கள், சத்தம் போட மாட்டார்கள், நேரம் வந்தால் எழுந்து போய்விடுவார்கள், இப்படி ஒரு விருந்தாளி யாருக்கு வாய்க்கும்?" என்கிறார். இருந்தாலும், அன்று நான் சொன்ன பொய்யைப் பற்றி அம்மா இதுவரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

கொலுசுப் பட்டறை ஐயாவுக்கு நன்றி. நாள் குறித்துவிட்டேன். வளையங்கள் போய்விடுமே என்று பேத்திக்குத்தான் கவலை.

அம்மாபேட்டை தறிக்காரர்:

இடது கண்ணுக்கு, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் நேற்று பாவு கேட்டு வந்தார். மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அன்றைக்குப் பிசகியது என் கண், அவள் சொன்னதே உண்மை என்று அவரிடம் சொன்னேன். வேட்டியையும் எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு 63 வயது. வெகுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கே அம்மா அந்தப் பட்டை?" என்று அவளிடம் கேட்டார். அவள் அவரை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், முதலில் வலது கண்ணைப் பொத்தச் சொன்னாள்.