கடன் வரலாறே இல்லாதவருக்கு உயர்வகைக் கடன் அட்டை: எங்கள் அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

42 வயது வரை நான் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வீடு அப்பா கட்டியது. ஸ்கூட்டர் சேமிப்பில் வாங்கியது. மற்ற செலவுகள் எல்லாம் டெபிட் கார்டிலும் யு.பி.ஐ.யிலும் நடந்தன. 2023இல் அலுவலக வேலையாக மாதம் இருமுறை டெல்லிக்குப் பறக்க வேண்டி வந்தபோதுதான், விமான நிலைய ஓய்வறை வசதியும் பயணப் புள்ளிகளும் தரும் உயர்வகைக் கடன் அட்டை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 15 ஆண்டுகளாக என் சம்பளம் வந்து விழும் வங்கி என்னை மறுக்குமா என்ற தெம்பில் விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் மறுப்புக் குறுஞ்செய்தி வந்தது. அதில் காரணம் எதுவும் இல்லை.

விண்ணப்பத்தை மறுத்தால் அதற்கான குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை நெறிமுறை சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் எழுதிய பிறகு, ‘போதிய கடன் வரலாறு இல்லை’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. உடனே சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 300 முதல் 900 வரை மதிப்பெண் தரும் அந்த அறிக்கையில் எனக்குக் கிடைத்திருந்தது -1. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட நான் பூஜ்யத்துக்குக் கீழே போனதில்லை. இந்த -1 கெட்ட பெயரைக் குறிப்பதன்று, மதிப்பிடுவதற்கு என்னைப் பற்றி எதுவுமே அங்கு இல்லை என்றுதான் பொருள் என்பது பிறகே புரிந்தது. டெபிட் கார்டையும் யு.பி.ஐ.யையும் எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தினாலும் அவை கடன் அல்ல என்பதால் அந்த ஏட்டில் ஏறுவதில்லை.

அப்போது நான் செய்த தவற்றை இங்கு எழுதுவதற்குக் காரணம், இன்னொருவர் அதைச் செய்துவிடக் கூடாது என்பதுதான். கோபத்தில் அதே மாதத்தில் மேலும் மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பித்தேன், மூன்றும் மறுத்தன. ஒவ்வொரு வங்கியும் என் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தது விசாரணையாகப் பதிவானதால், ஒரு கடன்கூட இல்லாத என் ஏட்டில் நான்கு விசாரணைகள் மட்டும் வரிசையாக நின்றன. பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? பணத்துக்கு அல்லாடுகிற ஆள் என்றுதானே தோன்றும்?

வழி சொன்னவர் எங்கள் கிளையின் துணை மேலாளர். அவர் யோசனைப்படி 1,50,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டு, அதன் பிணையில் 1,20,000 ரூபாய் வரம்புள்ள சாதாரண அட்டை ஒன்றை வாங்கினேன். வைப்புத்தொகை வங்கியின் பிடியில் இருந்தாலும் அதற்குரிய வட்டி வந்துகொண்டுதான் இருந்தது. மளிகை, தொலைபேசிக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றை மட்டும் அதில் செலுத்தி, மாதச் செலவு 30,000 ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அட்டையில் நிற்கும் தொகை கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகிறது, அது வரம்பில் சிறு பகுதியாக இருப்பதே நல்லது என்பதால், செலவு கூடிய மாதங்களில் பில் வருவதற்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுவேன். ஏழாவது மாதத்தில் முதன்முறையாக மூன்றிலக்க மதிப்பெண் வந்தது: 748. பதினான்காம் மாதம், முதலில் மறுத்த அதே வங்கி, நான் கேட்காமலேயே அந்த உயர்வகை அட்டையைத் தருவதாகச் செயலியில் அறிவித்தது. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

கோயம்புத்தூரிலிருந்து:

சென்னை நண்பரின் வழி மாதச் சம்பளக்காரர்களுக்குப் பொருந்தும். நான் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருப்பவன். என்னிடம் வங்கிகள் கேட்டது இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு. புதிய இயந்திரங்கள் வாங்கிய ஆண்டுகளில் தேய்மானம் கழித்துப் பார்த்தால் என் நிகர வருமானம் உயர்வகை அட்டைக்குரிய தகுதியை எட்டவில்லை. நடப்புக் கணக்கில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதை யாரும் பொருட்படுத்தவும் இல்லை. ஆகவே நான் வேறு வாசல் வழியாகப் போனேன். ஒரு வங்கியில் வைப்புக்கு எதிராக அட்டை வாங்கி ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு, பிணையில்லாத சாதாரண அட்டை ஒன்று கிடைத்தது. அதன் வரம்பு இரண்டு முறை உயர்ந்ததும், அந்த அட்டையின் பில்லைக் காட்டி, ‘கார்டுக்குக் கார்டு’ என்று வங்கிக்காரர்கள் சொல்லும் முறையில் வேறொரு வங்கியில் மேல்வகை அட்டைக்கு விண்ணப்பித்தேன். வருமானச் சான்று கேட்காமலேயே ஒப்புதல் கொடுத்தார்கள். எல்லா வங்கியும் இதற்கு இசைவதில்லை என்பதால், விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

மதுரையிலிருந்து:

எனக்கு 24 வயது, இதுவே முதல் வேலை. எனக்கும் கடன் வரலாறு எதுவும் இல்லை என்றே நம்பியிருந்தேன். அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, கல்லூரி இறுதியாண்டில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடைக்காரர் சொன்னதன் பேரில் வாங்கிய கைப்பேசி ஒரு நுகர்வோர் கடனாகவும், ஒரு செயலியில் ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ என்று பயன்படுத்திய 2,000 ரூபாய் தனிநபர் கடனாகவும் நின்றன. கைப்பேசித் தவணை ஒன்று 12 நாள் தாமதமானதும் அதில் பதிவாகியிருந்தது. இதைவிடப் பெரிய வியப்பு, நான் முழுவதும் அடைத்துவிட்ட அந்த 2,000 ரூபாய் இன்னும் நிலுவை என்று காட்டியது. திருத்தம் கோரி எழுதினேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதியையும் அதில் குறிப்பிட்டேன். 22ஆம் நாளில் பதிவு திருந்தியது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறைவதும் இல்லை. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் நான்கையும் பார்த்துவிடுங்கள். என் தவறான பதிவு அவற்றில் இரண்டில் மட்டுமே இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து:

ஓய்வூதியம் வாங்கும் ஒருவனின் சிறு குறுக்கீடு. வரியோடு 11,800 ரூபாய் கட்டி ஓய்வறையில் இட்லி சாப்பிடுவது லாபமா என்று சென்னை நண்பர் கணக்குப் பார்த்தாரா? இப்போது பல அட்டைகளில், முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்திருந்தால்தான் ஓய்வறைக்குள் விடுகிறார்கள். அந்தச் செலவை எட்டுவதற்காக வேண்டாததை வாங்கி, பிறகு ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிவரும் உறவினர் ஒருவரை அறிவேன். அப்படிக் கட்டினால் நிலுவைக்கு வட்டி ஏறும்; மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம் ஆகிறது. எங்கள் ஊரில் கந்துவட்டிக்காரரைத் திட்டுகிற வாய் இதைத் திட்டுவதில்லை.

மீண்டும் சென்னையிலிருந்து:

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆண்டுக்கு 40 முறைக்கு மேல் பறப்பதாலும், டிக்கெட்டுக்கான பணத்தை அலுவலகம் திருப்பித் தருவதாலும் எனக்குக் கட்டுப்படியாகிறது. பயணம் நின்ற ஆண்டில் இந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூடச் சொல்லி விண்ணப்பித்த 7 வேலை நாட்களுக்குள் அவர்கள் மூடியாக வேண்டும், பாக்கி ஏதும் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

வைப்புத்தொகையை எப்போது மீட்டேன் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். இன்னும் மீட்கவில்லை. வைப்பை எடுக்க வேண்டுமானால் அந்த முதல் அட்டையை மூட வேண்டும். என் ஏட்டில் இருப்பதிலேயே பழைய கணக்கு அதுதான், பழைய கணக்கு தொடர்வது மதிப்பெண்ணுக்கு நல்லது. அதனால் மாதாமாதம் மின்கட்டணத்தை மட்டும் அதில் கட்டிவருகிறேன்.