லைசென்ஸ் வந்த பிறகான முதல் மாதங்கள்: உங்கள் வீட்டில் எப்படி?

தொடங்கியவர் (ஓர் அம்மா)
மகனுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. தனியாக வண்டி எடுக்கக் கேட்கிறான். தருவதா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி, எப்படித் தருவது என்பதுதான். பிள்ளைகள் ஓட்ட ஆரம்பித்த வீடுகளில் நடந்ததை எழுதுங்கள், அவனுக்கும் படிக்கக் கொடுப்பேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். தூரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், வண்டிகளின் பிரேக் விளக்குகள் வரிசையாக எரிவது எனக்குத் தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நேர் முன்னால் போன லாரி நின்ற பிறகுதான் பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றுவிட்டது, இடிக்கவில்லை. ஆனால் அவன் அந்த லாரியை மட்டும்தான் பார்த்திருக்கிறான். கியர், ஸ்டியரிங் எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. சாலையைப் படிக்க இன்னும் கண் பழகவில்லை.

ஓட்டுநர் பயிற்சியாளர்
நீங்கள் கவனித்தது மிகச் சரி, அம்மா. புதிதாக ஓட்டுபவர்கள் பானெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கக் கண்ணாடிகளைப் பார்ப்பதும் குறைவு. இதற்கு நான் செய்வது ஒன்றுதான்: பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்வேன். ஒரு மாணவன் "பஸ் நிற்கிறது" என்று சொல்லிவிட்டு அப்படியே போனான். "பஸ்ஸுக்கு முன்னால் என்ன இருக்கும்?" என்று கேட்டேன். உடனே காலை எடுத்தான். பஸ் மறைவிலிருந்து ஒரு சிறுமி குறுக்கே ஓடி வந்தாள். சாவகாசமாக நிறுத்த முடிந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு நான் நினைவூட்ட வேண்டியே இருக்கவில்லை.

பக்கத்தில் பெரியவர் இருக்கும்போது விபத்து அபூர்வம். தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்கள்தான் அதிக ஆபத்தானவை. நியூசிலாந்தில் 1987-லேயே லைசென்ஸைப் படிப்படியாகத் தர ஆரம்பித்தார்கள். முதலில் அனுபவசாலி பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம். அடுத்த கட்டத்தில் தனியாக ஓட்டலாம், ஆனால் பின்னிரவிலோ நண்பர்களை ஏற்றிக்கொண்டோ போகக் கூடாது. அதன் பிறகே முழு உரிமை. பல நாடுகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. உங்கள் ஊர்ச் சட்டத்தில் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் நீங்களே இதை வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவர்
நண்பர்களை ஏற்றுவதைப் பற்றிச் சொன்னீர்களே, அது முழுக்க உண்மை. என் நண்பன் ஒருவன் தனியாக ஓட்டினால் அவ்வளவு நிதானம். அன்று கார் நிறைய ஆட்கள். பாட்டுச் சத்தம் வேறு. பின்னாலிருந்து ஒருவன் "ஓவர்டேக் பண்ணுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வளைவில் வண்டி சாலையை விட்டு இறங்கி மண்மேட்டில் மோதி நின்றது. முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்த எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. பெல்ட் போடாமல் நடுவில் இருந்தவன் முன்னால் வந்து விழுந்ததில் ஓட்டியவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்சீட்டில் பெல்ட் போடாதவர் தன்னை மட்டும் பணயம் வைக்கவில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

இப்போது எங்கள் குழுவில் முன்சீட்டில் இருப்பவனிடம்தான் ஓட்டுபவனின் போன் இருக்கும். வழி பார்ப்பதும் அவன்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியர்
பைக் ஓட்டும் பிள்ளைகளுக்காக ஒன்று. ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான் என்று அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வார் மாட்டப்படவில்லை. விழுந்த வேகத்தில் தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று போயிருந்தது. முறையாக அணிந்தால் மூளைக் காயத்தை 74 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'முறையாக' என்றால் தாடைக்குக் கீழே வார் மாட்டியிருக்க வேண்டும். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்துதான். தயவுசெய்து, கிளம்பும்போது அந்த வாரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஓர் அப்பா
எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஒப்பந்தம். எந்த நேரமானாலும், எங்கே இருந்தாலும், "அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றால் போய்விடுவேன். அன்று ஏன், எதற்கு என்று கேட்க மாட்டேன். ஓர் இரவு மகள் அழைத்தாள். அவளை வீட்டில் விட வேண்டிய தோழி கொட்டாவி விட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். இவள்தான் வண்டியை ஓரங்கட்டச் சொல்லியிருக்கிறாள். இருவரையும் கூட்டி வந்தேன். திட்டு விழும் என்ற பயம் இருந்திருந்தால் அவள் கூப்பிட்டிருப்பாளா?

புதிதாக ஓட்டும் பெண்
அங்கிள் சொன்ன ஒப்பந்தம் நன்றாக இருக்கிறது. பெற்றோர்களிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள். நான் ஓட்டும்போது அதிகமாக அழைப்பவர்கள் என் நண்பர்கள் இல்லை, அம்மாவும் அப்பாவும்தான். "எங்கே வந்துட்டே?" என்று கேட்கத்தான். எடுக்கவில்லை என்றால் பதறுவார்கள் என்று தெரியும், அதனால் கை தானாகப் போனுக்குப் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி திரையைப் பார்த்தால் வண்டி 50 மீட்டர் போய்விடுகிறது. இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். கிளம்பும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி. நடுவில் யாரும் அழைப்பதில்லை.

தொடங்கியவர்
எல்லோருக்கும் நன்றி. மகனும் படித்தான். இப்போதைக்குப் பகலில் மட்டும், நண்பர்கள் இல்லாமல், போன் டாஷ்போர்டு பெட்டிக்குள். இதற்கு அவன் சரி என்றான். மூன்று மாதம் கழித்து இரவு ஓட்டம் பற்றிப் பேசுவோம் என்றேன். மழையில் எப்படிப் பழக்குவது?

ஓட்டுநர் பயிற்சியாளர்
முதல் தூறலில் வேண்டாம், அம்மா. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து அப்போதுதான் அதிகம் வழுக்கும். மழை விட்ட பிறகு, ஆளில்லாத மைதானம் ஒன்றில் குறைந்த வேகத்தில் பிரேக் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தில் நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று அவனே இறங்கி அளக்கட்டும். சாலைக்கு வந்ததும் முன்வண்டிக்கும் தனக்கும் குறைந்தது 4 நொடி இடைவெளி விடட்டும். டயர் தேய்மானத்தையும் வைப்பர் ரப்பரையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.