மறு: 'மினிமல் ஸ்டேட்' – தமிழில் எப்படிச் சொல்வது?

காரைக்குடியிலிருந்து

குழுமத்தாருக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக அரசியல் தத்துவக் குறிப்புகள் தமிழில் எழுதி வருகிறேன். அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-இல் வாதிட்ட 'மினிமல் ஸ்டேட்' என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. வன்முறை, திருட்டு, மோசடி இவற்றிலிருந்து மக்களைக் காப்பது, ஒப்பந்தங்களை நிறைவேற்ற வைப்பது, இவற்றோடு அரசின் வேலை முடிந்தது என்பது அவர் நிலைப்பாடு. இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: சிற்றரசு, குறைந்தபட்ச அரசு, இராக்காவல் அரசு. கண்டனூர் அண்ணன் 385-ஆம் குறளைக் காட்டி, "காத்தல் மட்டும் செய்யும் அரசு ஒரு பக்கம், வகுத்தலும் செய்யும் அரசு மறுபக்கம். சொல் வள்ளுவரிடமே இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். தேவகோட்டை ஆச்சி பார்த்துச் சொன்னால் குறிப்பை முடித்துவிடுவேன்.

தேவகோட்டையிலிருந்து

தம்பிக்கு,

சிற்றரசு வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால் பேரரசனுக்குத் திறை கட்டியவன்தான் பிள்ளைகள் நினைவுக்கு வருவான்.

'குறைந்தபட்ச அரசு' பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் பொருளைத் தலைகீழாக்கிவிடும். குறைந்தபட்சக் கூலி என்றால் அதற்குக் கீழே போகக்கூடாது, மேலே எவ்வளவும் கொடுக்கலாம். நோசிக் சொல்வது இதற்கு மேலே போகக்கூடாது என்பது. நியாயப்படுத்தக்கூடிய அரசுகளிலேயே பெரியது இதுதான், இதைத் தாண்டினால் தனிமனிதர் உரிமையில் கைவைப்பதாகும் என்பது அவருடைய வாதம். அவர் உச்சவரம்பைப் பேசுகிறார், நாம் அடித்தளத்துக்கு உரிய சொல்லைக் கொடுக்கக்கூடாது.

'இராக்காவல் அரசு' என்பதை வேறொரு காரணத்துக்காக மறுக்கிறேன். ஜெர்மானிய சோஷலிஸ்ட் லசால் 1862-இல் பெர்லினில் பேசியபோது, சொத்துக்குக் காவல் நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாத அரசு என்று எதிரிகளைக் கேலி செய்யக் கையாண்ட உருவகம் அது. பின்னால் அந்தக் கொள்கைக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு கொள்கைக்குப் பெயர் வைக்கும்போது அதை நம்புகிறவர் தாமே சொல்லிக்கொள்ளும்படி அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பாடக்குறிப்பில் வசைப்பெயரை வைத்துவிட்டால் வாதத்தைக் கேட்கும் முன்பே மாணவர் தீர்ப்பு எழுதிவிடுவார். நான் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் பக்கம் சாய்ந்தவள். 1971-இல் அவர் சொன்னது போல, ஏற்றத்தாழ்வு இருந்தால் அது மிகவும் பின்தங்கியவருக்கு நன்மை செய்வதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எதிர்த்தரப்புக்கு நல்ல பெயர் கிடைக்க வேண்டும் என்பதில் கூடுதல் கவனமாக இருக்கிறேன்.

கண்டனூர் அண்ணன் காட்டிய குறள்:

இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த
வகுத்தலும் வல்லது அரசு

அண்ணன் கோபிக்கக்கூடாது. இங்கே காத்தல் என்பது ஈட்டிய பொருளைப் பிறர் கொள்ளாமல் காப்பது, குடிகளைக் காப்பது அன்று. வகுத்தலுக்கும் அறம், பொருள், இன்பங்களின் பொருட்டுச் செலவிடுதல் என்றுதான் பரிமேலழகர் உரை செய்கிறார். செல்வரிடம் வாங்கி வறியவருக்குப் பகிர்வது என்ற இன்றைய கருத்தை அதில் ஏற்ற முடியாது. பழைய சொல் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பழைய பொருளைத் தொலைத்துவிடக்கூடாது.

என் பரிந்துரை காவலரசு. அளவைச் சொல்லாமல் வேலையைச் சொல்வது அதன் பலம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் வருகிறது. ஊரைக் காக்கும் உரிமையும் அதற்கு ஈடாகப் பெறும் வருவாயும் சேர்ந்தது அது. காவல் தருவேன், அதற்கு மட்டும் காசு வாங்குவேன் என்ற உறவு இந்த மண்ணுக்குப் புதிதன்று.

இன்னொன்று. உங்கள் குறிப்பில் 'அரசின் அளவு' என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறீர்கள். அதை இரண்டாகப் பிரியுங்கள். வரி எவ்வளவு, ஊழியர் எத்தனை பேர், செலவு எவ்வளவு என்பது அளவு. எதில் தலையிடலாம், எதில் கூடாது என்பது வரம்பு. இரண்டும் சேர்ந்தே நகரும் என்று கட்டாயமில்லை. ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கி லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று சாடியபோது அவர் குறி பெரிதும் வரம்பின் மேல்தான். கையெழுத்துப் போட ஒரு அதிகாரி போதும், செலவு அதிகமில்லை, ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாமல் ஆலை ஓடாது. 1962-இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசனை அந்தக் கட்சியின் சார்பில் சட்டமன்றத்துக்கு அனுப்பியது உங்கள் காரைக்குடிதான். மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், பாடம் ஊரோடு ஒட்டும்.

கண்டனூரிலிருந்து

ஆச்சி அவர்களுக்கு,

குறளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். காவலரசில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. காவல் என்றதும் இன்று போலீஸ் ஸ்டேஷன்தான் கண்ணில் நிற்கும். ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைக்கும் நீதிமன்றம் அதில் அடங்குமா? கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த ஊர்க்காரன் என்பதால் கேட்கிறேன்.

அடுத்தது, எடுத்துக்காட்டுக்கு நோசிக்கிடம் போவானேன்? ஊரணி வெட்டியது, கோயில் திருப்பணி, பாடசாலை, காசியில் சத்திரம், எல்லாம் வியாபார வருவாயில் அறத்துக்கு எடுத்துவைக்கும் மகமையிலும், கோயில் கணக்கில் திருமணமானவருக்கு ஒரு புள்ளி என்று வாங்கும் புள்ளி வரியிலும் நடந்தவை. சர்க்கார் காவல் மட்டும் பார்த்தது, மற்றதை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பார்த்துக்கொண்டார்கள். செட்டிநாடே காவலரசுக்குச் சான்று என்பேன்.

தேவகோட்டையிலிருந்து

கண்டனூர் அண்ணனுக்கு,

தடை நியாயமானது. காவல் என்பதற்கு 'உயிர், உடைமை, ஒப்பந்தம் ஆகிய மூன்றின் காவல்' என்று முதல் வரியிலேயே விளக்கம் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவதன் கனம் நம் வீடுகளுக்குத் தெரியும். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், அங்கே கடன் கொடுத்து வந்த நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈட்டுக்கு இருந்த நிலங்கள் கைக்கு வந்து, 1938-இல் அது 25 பங்கு ஆனது. பத்திரத்தை மதிக்க ஒரு நீதிமன்றம் இருந்ததால் அது நடந்தது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியதும் அதே பத்திரங்கள் வெறும் தாளாயின. நிலத்தை இழந்த பர்மிய உழவரின் இடத்தில் நின்று பாருங்கள். அந்த நீதிமன்றம் அவருக்குக் காவலாகவா தெரிந்திருக்கும்? ஒப்பந்தத்தைக் காப்பதே ஒரு பக்கம் சாய்வதுதான், அதில் நடுநிலை இல்லை என்று காவலரசை எதிர்ப்பவர்கள் வாதிடுவது இந்த இடத்தில்தான். குறிப்பில் இரண்டு பார்வையும் வர வேண்டும்.

செட்டிநாடே சான்று என்பதை நான் ஏற்கவில்லை. மகமை பெரிய ஏற்பாடு, அதன் பெருமையை நானும் பேசுவேன். ஆனால் புள்ளி வரி அந்தந்தக் கோயிலின் புள்ளிகளுக்குரியது. திருமணமாகிப் புள்ளியானவர் அதைக் கொடுக்காமல் இருந்துவிட முடியாது. கொடுப்பதும் முழுக்க விருப்பம் சார்ந்ததன்று, பெறுவதும் எல்லோருக்கும் பொதுவன்று. புள்ளிக் கணக்கில் இல்லாதவர்களும் இதே ஊர்களில்தான் இருந்தார்கள், இந்த வீடுகளைக் கட்டியவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் யார் பொறுப்பு என்று கேட்டால் மகமையிடம் உறுதியான பதில் கிடையாது, கருணை மட்டும் உண்டு. மக்கள்நல அரசு என்ற கருத்து அந்தக் கருணையை உரிமையாக மாற்றியது. எனக்கு அது பெரிய மாற்றம்.

அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கொடுத்தது தனியார், 1953 முதல் நடத்தி வருவது அரசின் ஆய்வு மன்றம். காவலரசு இதை ஏற்க முடியாது, ஆய்வகம் நடத்துவது அதன் வரம்புக்கு வெளியே. மகமையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தம்பி, குறிப்பில் இப்படிப் போடுங்கள்: "காவலரசு: உயிர், உடைமை, ஒப்பந்தம் ஆகியவற்றின் காவலோடு தன் வரம்பை நிறுத்திக்கொள்ளும் அரசு." எதிர்நிலைக்கு மக்கள்நல அரசு போதும், இலங்கை மாணவர்களுக்காகச் சேமநல அரசு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அரசே வேண்டாம் என்பவர்களை 'அராஜகவாதிகள்' என்று எழுதாதீர்கள். நம் பேச்சில் அராஜகம் என்றால் அடாவடி. அரசின்மைவாதம் என்றே வரட்டும். நோசிக் போன்றோரைக் குறிக்கும் 'லிபர்ட்டேரியன்' என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், தன்னுரிமையர் என்ற சொல்லோடு அங்கே வருகிறேன்.