தலைமைக் காவலர் சாட்சியும் ஒரு பக்க வாக்குமூலமும்

அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக என் மீது போடப்பட்ட வழக்கில், வாகனச் சோதனையில் என்னோடு வாக்குவாதம் செய்த உதவி ஆய்வாளர் முதல் சாட்சி; பக்கத்தில் நின்ற தலைமைக் காவலர் இரண்டாம் சாட்சி. நான் உதவி ஆய்வாளரின் சட்டையைப் பிடித்துத் தள்ளியதை நேரில் பார்த்ததாகத் தலைமைக் காவலர் கூண்டில் ஏறிச் சொன்னபோது, என் வழக்கறிஞர் அவர் மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குரலைக்கூட உயர்த்தாமல், "விசாரணை அதிகாரி உங்களை எப்போது விசாரித்தார்?" என்றார். அன்று மாலையே என்று பதில் வந்தது. "சட்டையைப் பிடித்ததை அவரிடம் சொன்னீர்களா?" "சொன்னேன்." அதோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குற்ற விசாரணை முறைச் சட்டம் 161ஆம் பிரிவின்படி காவல்துறை பதிவு செய்த வாக்குமூலங்களின் நகல், நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே எனக்கு இலவசமாகத் தரப்பட்டிருந்தது. தலைமைக் காவலருடையது ஒரே பக்கம்தான். அதில் நான் சத்தம் போட்டதாக இருந்ததே தவிர, சட்டை என்ற சொல்லே இல்லை. அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தனக்குச் சாதகமான சான்றாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் அதே சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று காட்ட எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அதைப் பயன்படுத்தலாம் என்கிறது 162ஆம் பிரிவு. முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டதும் முரண்பாடாகலாம் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. (2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இவை 180, 181ஆம் பிரிவுகள்.)

காவலர் என்பதாலேயே ஒருவரின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னதுதான். ஆகவே ஆளைத் திட்டுவதால் பயனில்லை என்று வழக்கறிஞர் பிறகு விளக்கினார்.

சில வாய்தாக்கள் கழித்து விசாரணை அதிகாரி வந்தார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் அவர் தன் புலனாய்வை நாள்வாரியாக எழுதிவைத்த வழக்கு நாட்குறிப்பைப் புரட்டியதும், என் வழக்கறிஞர் எழுந்து அந்தப் பக்கத்தைப் பார்க்க அனுமதி கேட்டார். நாட்குறிப்பைக் கேட்டுப் பெற எதிரிக்கு உரிமை கிடையாது. ஆனால் நினைவைப் புதுப்பிக்க அதிகாரியே அதைப் பார்த்தால் அந்தப் பகுதியைப் பார்க்கலாம். அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தும் நடுவர் அனுமதித்தார். பிறகு அந்தப் பழைய கேள்வி வந்தது: "சட்டையைப் பிடித்ததாகத் தலைமைக் காவலர் உங்களிடம் சொன்னாரா?"

அதிகாரி தாளை இருமுறை பார்த்துவிட்டு, "அவ்வாறு சொல்லவில்லை" என்றார். தட்டச்சர் அதை அப்படியே பதிந்தார். தீர்ப்பில் நடுவர் எடுத்துக்காட்டியதும் அந்த வரியைத்தான்.