அச்சு வடிவமைப்புக்கு லேப்டாப்: பணத்தை எதில் போடுவது?

அச்சுமை:
வணக்கம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் நாட்காட்டி, அட்டைப்பெட்டி, லேபிள் ஆகியவற்றை வடிவமைத்து வந்த நான், இனி வீட்டிலிருந்தபடியே பல அச்சகங்களுக்கு வேலை செய்யவிருக்கிறேன். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா மூன்றும் நாள்தோறும் வேண்டும். வாடிக்கையாளரை அருகில் வைத்துக்கொண்டு அச்சகத்திலேயே திருத்தம் செய்ய வேண்டியிருப்பதால் டெஸ்க்டாப் ஒத்துவராது. ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும். கடைக்காரர்கள் அனைவரும் கேமிங் லேப்டாப்பையே காட்டுகிறார்கள். அதிலுள்ள கிராபிக்ஸ் கார்டு என் வேலைக்கு உண்மையிலேயே தேவைதானா? அந்தப் பணத்தை வேறு எதிலாவது போடலாமா?

வண்ணத்தட்டு:
முதலில் திரையில் போடுங்கள். விலை குறைந்த கேமிங் லேப்டாப்கள் பலவற்றின் விவரக்குறிப்பில் 144 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது) என்பது பெரிதாகவும், '45 சதவீதம் என்டிஎஸ்சி' (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும்) என்பது சிறிதாகவும் இருக்கும். இந்த இரண்டாவது வரிதான் உங்களுக்கு முக்கியம். கணினித் திரைகளுக்கான பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி வண்ணப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே அந்தத் திரை காட்டும் என்பது அதன் பொருள். பட்டாசுப் பெட்டியின் சிவப்பும் ஆரஞ்சும் அதில் வெளிறித் தெரியும். வெளிறித் தெரிவதால் நீங்கள் நிறத்தை மேலும் ஏற்றுவீர்கள். பிளேட் (அச்சுத் தகடு) போட்டு அச்சாகி வரும்போது அது கண்ணை உறுத்தும்.

எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் காட்டும் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரைக்குக் கீழே இறங்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் இதைவிட அகன்ற டிசிஐ-பி3 பரப்பைக் காட்டுபவை, கறுப்பும் ஆழமாக இருக்கும். ஆனால் நிற மேலாண்மை (கோப்பின் நிறத்தைத் திரைக்கேற்ப மாற்றிக் காட்டும் வசதி) இல்லாத மென்பொருளில் அவை நிறங்களைத் தூக்கிக் காட்டும் என்பதையும், ஒரே கருவிப்பட்டை நாள் முழுவதும் அசையாமல் நின்றால் காலப்போக்கில் அதன் தடம் பதியக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். எந்தத் திரையானாலும் நிறத்தை அளக்கும் கேலிபரேஷன் கருவி ஒன்றை வைத்து அவ்வப்போது சரிசெய்யத்தான் வேண்டும். அதற்கான தொகையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

நூறுபக்கம்:
திரையைப் பற்றி மேலே சொன்னது சரி. அதற்கு அடுத்தது ரேம். கிராபிக்ஸ் கார்டு அதற்கும் பிறகுதான். உங்கள் நாட்காட்டியையே கணக்குப் போட்டுப் பாருங்கள். 20க்கு 30 அங்குலத் தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 6,000க்கு 9,000, அதாவது 5 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் வரும். நான்கு மை கொண்ட அச்சு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்பதால், தாளை முழுவதும் நிரப்பும் ஒரே ஒரு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) 216 எம்பி இடம் பிடிக்கும். சாமி படம், பின்னணி, ஒளிவட்டம், பூ வேலை என்று பத்து லேயர் ஆனாலே 2 ஜிபியைத் தாண்டிவிடும். பின்வாங்குவதற்காக போட்டோஷாப் சேமித்து வைக்கும் பழைய நிலைகள் அதற்கு மேல். ரேம் நிரம்பியதும் வேலை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இறங்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்கு ஈடாகாது. ஆகவே 32 ஜிபி வாங்குங்கள். 16 ஜிபி-யோடு வாங்குவதானால், ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கூடுதலாகச் செருக இடம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். எஸ்எஸ்டி 1 டிபி இருக்கட்டும்.

கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, போட்டோஷாப்பின் சில ஃபில்டர்களும், கேமரா ரா என்ற புகைப்படத் திருத்தக் கருவியும் அதைப் பயன்படுத்துகின்றன. இல்லஸ்ட்ரேட்டரிலும் கோரலிலும் பெரும்பாலான வேலை பிராசஸரின் ஒற்றைக் கோர் வேகத்தையே சார்ந்தது. ஆர்டிஎக்ஸ் 4050 போன்ற 6 ஜிபி கார்டு தாராளமாகப் போதும். பெட்டிகளை பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணமாக்கிக் காட்டுவதாக இருந்தால் மட்டும் அதற்கு மேல் யோசியுங்கள்.

மையொற்றி:
வண்ணத்தட்டு அவர்களிடமிருந்து ஓரிடத்தில் மாறுபடுகிறேன். நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வேலைக்கு 15 அங்குலத் திரை, எவ்வளவு தரமானதாக இருந்தாலும், போதாது. லேப்டாப் திரையை எஸ்ஆர்ஜிபி-யோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப்படும் பணத்தில் வீட்டுக்கு 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை வாங்குவது கண்ணுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது. நிறத்தைப் பற்றிய கடைசி முடிவை எந்தத் திரையிலும் எடுக்க வேண்டாம், புரூஃப் தாளில் (மாதிரி அச்சில்) எடுங்கள்.

மேக்புக் பற்றியும் யாராவது சொல்வார்கள். திரை மிகச் சிறப்பானது. ஆனால் ரேமைப் பின்னர் கூட்ட முடியாது. வாங்கும்போதே கூட்டினால் உங்கள் தொகைக்குள் அடங்குவது கடினம். கோரல்டிரா 2019 பதிப்பு முதல் மேக்கிலும் கிடைக்கிறது என்றாலும், நம் அச்சகங்களில் இன்னும் ஓடும் பழைய பதிப்புகள் விண்டோஸுக்கு உரியவை. ஸ்னாப்டிராகன் என்ற ஆர்ம் வகை சிப் கொண்ட விண்டோஸ் லேப்டாப்பும் வேண்டாம். பழைய பிரிண்டருக்கோ, மென்பொருளைத் திறக்க யுஎஸ்பியில் செருகும் டாங்கிளுக்கோ ஆர்ம் டிரைவர் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது.

அச்சுமை:
மூவருக்கும் மிக்க நன்றி. 32 ஜிபி ரேம், 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரை, 6 ஜிபி கார்டு என்ற அளவில் தேடி, மானிட்டரைச் சில மாதங்கள் கழித்து வாங்கிக்கொள்கிறேன். விவரக்குறிப்பில் எழுதியிருப்பது உண்மைதானா என்று கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

வண்ணத்தட்டு:
ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்பிலேயே இரண்டு மூன்று வகைத் திரைகள் இருக்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், பெட்டியின் மேல் உள்ள முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிப் பாருங்கள். நீங்கள் செய்து அச்சாகிவந்த லேபிள் ஒன்றையும், பென்டிரைவில் அதன் கோப்பையும் எடுத்துச் சென்று, கோப்பைத் திறந்து, திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, லேபிளையும் திரையையும் பகல் வெளிச்சம் படும் இடத்தில் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். சிவப்பு வெளிறியிருந்தால், அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.