ஆலன் ஃபீல்ட்ஹவுஸ்: இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

குன்றுத்தெரு:

ஆலன் ஃபீல்ட்ஹவுஸ், அமெரிக்காவில் நம் கான்சாஸ் பல்கலையின் கூடைப்பந்து அரங்கம். அது இருக்கிற லாரன்ஸ் ஊரில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2008 ஏப்ரல் 7, மெம்ஃபிஸ் பல்கலையுடன் தேசியப் போட்டி ஃபைனல். கான்சாஸ் பல்கலையில் எனக்கு முதல் வருடம். நண்பன் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிஷம் சொச்சம் பாக்கி, 60-51, மெம்ஃபிஸ் ஒன்பது பாயிண்ட் முன்னால். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தேர்வு. சரி, அவ்வளவுதான் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரும் இரு என்று சொல்லவில்லை, எல்லோர் முகமும் தொங்கித்தான் கிடந்தது.

தெருவில் ஈ காக்கா இல்லை. எல்லா ஜன்னலிலும் டிவி வெளிச்சம், எல்லாம் ஒரே நேரத்தில் நிறம் மாறுகிறது. 19வது தெருவைத் தாண்டும்போது அந்தச் சத்தம் வந்தது. ஒரு வீட்டிலிருந்து இல்லை, வரிசையாக அத்தனை வீட்டிலிருந்தும். தேர் நிலையை விட்டு முதல் அடி நகரும்போது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழும்புமே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வயதான ஓர் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். என்னை முன்பின் தெரியாது, கையைக் காட்டி வா வா என்றார். டிவியில் அது மறுபடி ஓடுகிறது. நம் ஷெரன் காலின்ஸ் தடுமாறிக் கீழே போகிறார், பந்து மாரியோ சால்மர்ஸ் கைக்கு வருகிறது, எம்புகிறார், 2.1 வினாடி பாக்கி, 63-63.

சமன் ஆனதால் கூடுதல் நேரம், ஓவர்டைம். அதை அந்த அம்மா வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். 75-68, ஜெயித்தோம். ராத்திரி மாசசூசெட்ஸ் தெருவில் ஊரே இறங்கி நின்றது, நானும் நின்றேன். ஆனால் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் அந்தப் பந்து விழுமா விழாதா என்று தெரியாமல் ஒரு வினாடி மூச்சைப் பிடித்திருப்பார்கள். எனக்கு அந்த ஒரு வினாடி இல்லை. விழுந்த பிறகுதான் பார்த்தேன். அதற்கப்புறம் நூறு முறை பார்த்திருப்பேன், நூறு முறையும் விழுந்த பிறகுதான்.

மேல்வரிசை:

மெம்ஃபிஸ் அந்த வருஷம் முழுக்க ஃப்ரீ த்ரோவில், அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கிற தடையில்லாத எறிதலில், சொதப்பின டீம். இரண்டு நிமிஷம் இருக்கும்போது எழுந்து போனது தப்பு நண்பா, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னுடையது ஆட்டம் இல்லை, ஒரு பெரியவர். 2012இல் எனக்கு அடுத்த இருக்கை. சீசன் டிக்கெட் வைத்திருந்தவர், எழுபத்தைந்து வயதுக்கு மேல். மூன்றாவது ஆட்டத்தில்தான் பேசவே ஆரம்பித்தார். 1957 ஃபைனலை நேரில் பார்த்தவர் என்று தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கான்சாஸ் சிட்டி முனிசிபல் ஆடிட்டோரியம், நார்த் கரோலினா, மூன்று ஓவர்டைம், 54-53. நம் வில்ட் சேம்பர்லேனுக்கு எதிராக, இருவர் எம்பித் தட்டுகிற ஆரம்பப் பந்துக்கு நார்த் கரோலினா நிறுத்தினது அவர்கள் டீமிலேயே குள்ளமானவர்களில் ஒருவரான டாமி கெர்ன்ஸை. ஏழடி ஓரங்குலத்துக்கு முன்னால் ஆறடிக்கும் குறைவான ஆள். பெரியவர் இதைச் சொல்லும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையைத் தன் முழங்கால் கிட்டே வைத்துக் காட்டினார். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். "அப்போ தோத்ததுக்கு யாருங்க காரணம்? வில்ட்தானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. ஆட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான் சொன்னார், 1998 ஜனவரியில் வில்ட்டின் ஜெர்சியை மரியாதையாக அரங்கத்தில் மேலே ஏற்றினபோது தானும் இங்கே இருந்தேன் என்று. நாற்பது வருஷம் கழித்து அந்த மனிதர் தன் பழைய பல்கலை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாராம். அந்த ஒரு தோல்வி எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்தேன் என்று மைக்கில் சொன்னாராம். "நாங்கள் யாரும் அவரைக் குறை சொல்லவே இல்லை, ஆனால் அதைப் போய் அவரிடம் சொன்னவரும் யாரும் இல்லை." இதுதான் பெரியவர் சொன்னது. அடுத்த சீசன் அந்த இருக்கைக்கு வேறு ஒருவர் வந்தார்.

வரிசை30:

என் கதை சின்னது. மிசௌரி ஆட்டத்துக்கு இடம் பிடிக்கக் கட்டடத்துக்குள்ளேயே காத்திருந்தோம், முப்பது பேர் குழு. என் முறை, நான் மட்டும் இருந்தேன். பாத்ரூம் போய்வந்த ஐந்து நிமிஷத்தில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் சுவரில் இருந்த தாளில் எங்கள் குழுப் பெயர் மேல் பேனாவால் ஒரு கோடு. 2012 பிப்ரவரி 25, பத்தொன்பது பாயிண்ட் பின்னால் இருந்து எழும்பி ஓவர்டைமில் 87-86. இருபத்தொன்பது பேர் என்னால் கூரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தன் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

இனி போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். எங்கள் காலத்தில் வேலை நாளில் காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை குழுவில் ஒருவராவது அங்கே இருந்தாக வேண்டும், எப்போது வேண்டுமானாலும் பெயர் கூப்பிடுவார்கள். இப்போது விதி மாறியிருக்கலாம், முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவைப் பெரிதாகச் சேருங்கள், ஆனால் ஒரே வகுப்பில் படிக்கிறவர்களைச் சேர்க்காதீர்கள், பரீட்சை வந்தால் மொத்தமாகக் கவிழும். எப்போதும் இரண்டு பேராக இருங்கள், ஒருத்தர் எழுந்து போனால் இன்னொருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும். தரை சில்லென்று இருக்கும், நம் ஊர் ஜமுக்காளம் ஒன்று கொண்டு போனால் பத்துப் பேர் உட்காரலாம், பெட்ஷீட் வழுக்கும். சாப்பாட்டுக்குச் சப்பாத்தி சுருட்டிக் கொண்டு போங்கள், சாதம் வேண்டாம், கை கழுவப் போவதற்குள் பெயர் போய்விடும். ஆட்ட நாளில் மாணவர் பத்திரிகையை வாங்கி வையுங்கள், எதிர் டீமை அறிமுகப்படுத்தும்போது அதை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும், நம் டீம் வரும்போது கிழித்து வீச வேண்டும். முதல் முறை போகிறவர்கள் முன்கூட்டியே கிழித்துவிடுகிறார்கள். "ராக் சாக்" கோஷத்தை வேகமாகச் சொல்லாதீர்கள், அதை இழுத்து, கோயிலில் கூட்டாகப் பாடுகிற மாதிரி மெதுவாகச் சொல்ல வேண்டும். 1886இல் ஒரு வேதியியல் பேராசிரியர் உண்டாக்கினது, பல்கலை நிற்கிற குன்றின் சுண்ணாம்புக் கல்தான் அதில் வருகிற சாக்.

புள்ளிக்கணக்கு:

ஓமஹா நகரம், 2018 மார்ச் 25, டியூக் பல்கலையுடன் ஆட்டம். கடைசி வினாடியில் அவர்களின் கிரேசன் ஆலன் எறிந்த பந்து வளையத்தின் மேலேயே உருண்டது, உருண்டு வெளியே விழுந்தது. நான் அதற்கு நேர் எதிரே இருந்தேன். அப்புறம் ஓவர்டைமில் நமக்கு வந்த 13 பாயிண்டும் மாலிக் நியூமன் ஒருத்தர் போட்டது. 85-81. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள் என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார், ஒரு பட்டன் தெறித்துவிட்டது.

2023 அக்டோபரில் அந்த சீசனின் 15 வெற்றிகளை ரத்து செய்தார்கள், விளையாடத் தகுதி இல்லாத ஒரு வீரரை இறக்கியதற்காக. இந்த ஆட்டமும் அதில் போனது. நான் பார்த்தது பதிவேட்டில் இல்லை. சட்டை இருக்கிறது, பட்டன் இல்லாமல்.

இங்கே சிலர் ஆறு சாம்பியன் பட்டம் என்று வேறு திரிகளில் எழுதுகிறீர்கள். 1952, 1988, 2008, 2022, நான்குதான். 1922, 1923 இரண்டும் ஹெல்ம்ஸ் என்ற ஓர் அமைப்பு பல வருஷம் கழித்துப் பின்னோக்கிக் கொடுத்தது, அப்போது இந்த என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியே கிடையாது, அது 1939இல்தான் வந்தது. ஆடிப் பெறாததைக் கொடியில் எழுதுவதும் ஆடிப் பெற்றதை அழிப்பதும் எனக்கு ஒன்றுதான், இரண்டையும் ஏற்க முடியவில்லை.

நந்தனம்_டீச்சர்:

நான் உடற்கல்வி ஆசிரியை, ஓய்வு பெற்றாகிவிட்டது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவள். மகன் லாரன்ஸில் இருந்தபோது போனேன். ஆட்டம் பார்க்கவில்லை, கோடை விடுமுறை.

ஃபீல்ட்ஹவுஸை ஒட்டி டெப்ரூஸ் மையம் என்று ஒரு கட்டடம். அங்கே கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் விதிகள் இருக்கின்றன, அசல் தாள். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டிய 13 விதிகள். இரண்டே பக்கம். 2010இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்து ஒரு முன்னாள் மாணவர் ஊருக்குக் கொண்டுவந்தாராம். நான் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு படித்தேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். முப்பது வருஷம் காலை ஆறு மணிக்கு செம்மண் மைதானத்தில் நின்று "ஓடாதே, நில்லு, எறி" என்று நான் கத்தின கத்தல் இந்தத் தாளிலிருந்து வந்தது. கீழே பேனாவால் எழுதியிருந்தார், பையன்கள் விதியைக் கற்றுக்கொள்ள ஜிம்மில் மாட்டியது என்று. அந்த "பையன்கள்" என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன்.

எங்கள் கல்லூரியை 1920இல் ஆரம்பித்த ஹாரி குரோ பக், நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடித்த அதே ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளியில் படித்தவர். எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அந்தக் கல்லூரிக்காரர். அவரிடம் சொல்ல வேண்டும் என்று படம் எடுத்தேன், இருட்டில் கண்ணாடி மின்னி, என் முகம்தான் விழுந்திருக்கிறது. ஊர் திரும்புவதற்குள் மாஸ்டர் தவறிவிட்டார்.

மகன் சொன்னான், நெய்ஸ்மித்தான் கான்சாஸின் முதல் கோச், 1898 முதல் 1907 வரை, 55 வெற்றி 60 தோல்வி, அந்தப் பல்கலை வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்த ஒரே கோச் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான் என்று. சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ட்ரூஸ்ட்_அவென்யூ:

டீச்சர், உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அந்த 55-60ஐ வைத்து நெய்ஸ்மித்தை அளப்பது தப்பு. நெய்ஸ்மித்திடம் ஆடின ஃபாக் ஆலன்தான் அடுத்த கோச், அந்தக் கட்டடத்துக்கே அவர் பெயர். ஆலனிடம் ஆடினவர்களில் அடால்ஃப் ரப் கென்டக்கிக்குப் போனார், டீன் ஸ்மித் நார்த் கரோலினாவுக்குப் போனார். இன்றைக்குப் பெரிய கோச் யாரை எடுத்தாலும் பாதிப் பேர் அந்த வம்சத்தில் வருகிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு மாணவரை.

கான்சாஸ் சிட்டியில் முடி வெட்டப் போன இடம். கடைக்காரர் கறுப்பினத்தவர், அறுபது வயது இருக்கும். நான் கான்சாஸ் பல்கலை பனியன் போட்டிருந்தேன். வில்ட், மானிங், சால்மர்ஸ் என்று வீரர்களை நான் அடுக்கிக்கொண்டே போக, கத்தரி நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மெக்லெண்டன் யார் தெரியுமா?" என்றார். தெரியவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஜான் மெக்லெண்டன், 1933இல் சேர்ந்து நெய்ஸ்மித்திடமே படித்தவர். கறுப்பர் என்பதால் பல்கலை டீமில் ஆட விடவில்லை. அவர் நீச்சல் குளத்தில் இறங்கினபோது தண்ணீரையே வடித்துவிட்டார்களாம். அந்த மனிதர்தான் பிறகு டென்னசி ஸ்டேட்டைத் தொடர்ந்து மூன்று வருஷம், 1957 முதல் 59 வரை, என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறொரு கல்லூரி அமைப்பின் தேசியப் பட்டம் வாங்க வைத்தார். அதாவது கான்சாஸ் மூன்று ஓவர்டைமில் தோற்ற அதே 1957இல், கான்சாஸில் ஆட விடப்படாதவர் பட்டம் வாங்கினார்.

மறுமாதம் அதே கடைக்குப் போனேன், "தெரியும்" என்று சொல்வதற்காகவே. கடை மூடியிருந்தது. அதற்கப்புறமும் இரண்டு முறை போனேன்.

மேலூர்_பொண்ணு:

குன்றுத்தெரு அண்ணா, உங்கள் கதையைப் படித்ததிலிருந்து எழுத வேண்டும் என்று இருந்தது.

2017 பிப்ரவரி 13, வெஸ்ட் வர்ஜீனியா டீமுடன் ஆட்டம். அப்பா மேலூரிலிருந்து வந்திருந்தார், மகள் படிக்கிற இடத்தைப் பார்க்க. கூட வேலை பார்த்தவர் வர முடியாமல் இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஆட்டத்துக்கு முன்னால் சத்தம் அளந்தார்கள், 130.4 டெசிபல், கட்டடத்துக்குள் எழுந்த கூட்டச் சத்தத்தில் உலக சாதனை. அப்பா காதைப் பொத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்று நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோது பதினான்கு பாயிண்ட் பின்னால். எங்கள் வரிசையில் ஆட்கள் கோட்டுகளை எடுக்க ஆரம்பித்தார்கள். நானும், "போகலாம்ப்பா, வெளியே பனி, பார்க்கிங்கில் மாட்டிக்குவோம்" என்றேன். அப்பா கபடி ஆடினவர், இளவட்டத்தில் சுத்துவட்டாரத்தில் அவர் பெயர் தெரியும். கூடைப்பந்தில் ஒரு விதிகூட அவருக்குத் தெரியாது. "விசில் அடிச்சாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் என்னத்தா, மூச்சு இருக்கிற வரைக்கும் பாடணும்ல" என்று சொல்லிவிட்டு உட்காரவே இல்லை. 84-80, ஓவர்டைமில் ஜெயித்தோம்.

சமன் ஆனபோது நான் போனைத் திருப்பி அவரைப் படம் பிடித்தேன், பதினொரு வினாடி. அப்பா எதையோ கத்துகிறார், என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார், மறுபடி ஆட்டத்தைப் பார்க்கிறார். சத்தத்தில் ஒன்றும் பதிவாகவில்லை. மறு வருஷம் தை மாதம் அப்பா போய்விட்டார். அந்த நேரத்தில் என்ன சொன்னீங்க என்று கேட்க அன்றைக்கு ராத்திரி காரில் நாற்பது நிமிஷம் இருந்தது, நான் ரோட்டில் பனியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வாயசைவை வைத்து அம்மா "ஏறிட்டான்" என்கிறார், தம்பி "ஏந்திரி" என்கிறான்.